வழியுணவு

ஒக்டோபர் 17, வெள்ளி. வெள்ளவத்தை.

மாலையில் கொட்டாஞ்சேனைக்குப் போய், சாகக் கிடக்கும் என் நண்பன் சூசையைப் பார்த்தேன். ஃபாதர் கடைசி நற்கருணை கொடுக்க வந்திருந்தார். அதை வழியுணவு என்பார்கள். சும்மா இருக்கத் தெரியாத நான், ரோமர்கள் அரச வேலையாகத் தூரம் போகிறவனுக்குக் கொடுத்த சாப்பாடும் செலவுக்காசும்தான் அந்தப் பெயருக்கு மூலம் என்று சூசைக்கு விளக்கினேன். அவன் கவனமாகக் கேட்டான்.

நாக்கில் வைத்த அப்பத்தை விழுங்கியதும் என்னைக் காட்டினான்.

"ஃபாதர், இவனுக்கும் குடுங்கோ."

"அவர் சைவ சமயம் அல்லோ?"

"தெரியும். ஆனா ரெண்டு பேரும் ஒண்டாத்தானே போறம். வழியில பசிக்குமெல்லே."

ஃபாதர் சிரித்தார். நானும் சிரித்தேன். சூசை சிரிக்கவில்லை.

எனக்கு எந்த நோயும் இல்லை. போன மாதம்தான் முழுப் பரிசோதனை செய்தேன். டொக்டர் பாராட்டவே செய்தார்.

சற்றுமுன் சூசையின் மகள் போன் எடுத்தாள். அப்பா எழும்பி உட்கார்ந்து, வெள்ளைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறாராம்.

"அங்கிள் வெளிக்கிட்டாச்சோ எண்டு கேக்கிறார். என்ன சொல்ல?"

"இன்னும் இல்லை எண்டு சொல்லு பிள்ளை."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் வரவில்லை என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.