இத்தோட்டத்துக்குள் மட்டும் செல்லும்

இன்று காலை கரண்ட் நின்றதும் எதிர்க்கடைக்காரர் ஜெனரேட்டரை இயக்கினார். டீசல் புகை என் அறைக்குள் வந்தது. ஜன்னலை மூட எழுந்தவன் மூடாமல் நின்றுவிட்டேன். உங்கள் சட்டையின் வாசனை அது. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த நான், நீங்கள் இருந்தவரை உங்களுக்கென்று ஒன்றும் எழுதியதில்லை.

அந்நாளில் உங்களை ‘நீர்’ என்றுதான் சொன்னேன். நீங்கள் என்னைக் ‘கிளாக்கர் ஐயா’ என்பீர்கள். இத்தனைக்கும் நமக்கு ஒரே வயது. இன்று ‘நீங்கள்’ என்று எழுதுகிறேன். பிந்தி வந்த மரியாதை.

தெமோதரைக்குக் கீழே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையின் இஞ்சினை ஓட்டியவர் நீங்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தோட்டக் கம்பெனிகள் சில சேர்ந்து பதுளையில் வைத்திருந்த அலுவலகத்தில் டைப் அடித்தவன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துத் தேநீர்க்கடையில் சந்திப்போம்.

ஒரு ஞாயிறு நீங்கள் உட்காரவேயில்லை. சர்டிபிகட் இல்லாதவர்கள் இனி இஞ்சினைத் தொடக்கூடாது என்று சட்டம் வரப்போவதாகக் கேள்விப்பட்டு, மற்ற இஞ்சின்காரர்கள் பயந்துபோயிருந்தார்கள். நீங்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“வரட்டுங்கய்யா. கவர்மெண்டு பேப்பர் ஒண்ணு கையில இருந்தா, டவுன்ல அரிசி மில்லு மொதலாளி நாளைக்கே வாங்குறாரு. வீடும் தர்றாராம். லயத்து ஒத்த அறையில, அடுப்புப் பொகையில எம்புள்ள மூச்சுத் திணறுறத எத்தன நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கிறது?”

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரந்தான் அரசாங்கம் அந்தச் சட்டம் பற்றிக் கம்பெனிகளிடம் அபிப்பிராயம் கேட்டிருந்தது. எங்கள் அலுவலகத்துச் செயலாளர் துரை பதிலைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். சர்டிபிகட் கிடைத்தால் தொழில் தெரிந்தவர்கள் தோட்டத்தை விட்டுப் போய்விடுவார்களே என்பது அவருடைய கவலை. அதை நாகரிகமாகச் சொல்ல வார்த்தை வராமல் தடுமாறினார். நானாகவே ஒரு வசனம் எடுத்துக்கொடுத்தேன்: சர்டிபிகட்டைத் தோட்டத்துரையே வழங்கலாம், அது அந்தத் தோட்டத்துக்குள் மட்டும் செல்லும். துரை முகம் மலர்ந்து என் தோளைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில் உங்கள் முகம் நினைவுக்கு வரவேயில்லை. வந்தும் தள்ளிவிட்டேனோ என்னவோ.

சட்டம் வந்தது. என் வசனம் ஒரு சொல்லும் மாறாமல் அதில் இருந்தது. சில மாதங்களில் உங்கள் துரை கையெழுத்திட்ட சர்டிபிகட்டோடு மில்லுக்குப் போனீர்கள். முதலாளி வாசித்துவிட்டுத் திருப்பித் தந்திருக்கிறார். நேரே என்னிடம் வந்தீர்கள்.

“என்னமோ எழுதியிருக்காம்ல. படிச்சுச் சொல்லுங்கய்யா.”

படித்தேன். பிறகு, “இந்த வசனத்தை எழுதினது நான்தான்,” என்றேன்.

நீங்கள் தாளை வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தீர்கள். கத்துவீர்கள் என்று காத்திருந்தேன்.

“எழுதுன கைதானே. இன்னொண்ணு எழுதட்டும்,” என்றீர்கள்.

அலுவலகத்து டைப்ரைட்டரிலேயே மனுவை அடித்தேன். பக்கத்துத் தோட்டத்து இஞ்சின்காரர்களும் கையொப்பமிட்டார்கள். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி, அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரிக்கு விசாரிக்க வந்தார். எங்கள் செயலாளர் துரை அவருக்குப் பக்கத்து நாற்காலியில். அவரையும் சட்ட ஆலோசனைக்கு அழைத்திருந்தார்களாம். உங்களுக்கு நாற்காலி இல்லை. நீங்கள் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

“விட்டால் எல்லாரும் தோட்டத்தை விட்டுப் போய்விடமாட்டீர்களா?” என்று அதிகாரி கேட்டார்.

“பூட்டி வச்சாத்தான் நிப்போம்னு தொரைமாருக்கே தெரியுதுங்களே. அப்ப கோளாறு எங்ககிட்டயா இருக்கு?”

ஆங்கிலத்தில் மென்மையாக்கிச் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்த வித்தை தெரியும். அப்படியே சொன்னேன். துரை என்னைப் பார்த்த பார்வையிலேயே என் வேலை போய்விட்டது.

அந்த வசனத்தை அவர்கள் நீக்கவில்லை. ஆனால் விரும்பியவர்கள் அரசாங்கப் பரீட்சை எழுதலாம் என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். அடுத்த வருஷம் நீங்கள் தேறினீர்கள். அதற்குள் மில்லில் வேறு ஆள் இஞ்சின் ஓட்டிக்கொண்டிருந்தார். வீடும் அவருக்குத்தான். நீங்கள் லயத்திலேயே இருந்தீர்கள். அடுத்த மாரியில் உங்கள் பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது பதுளை ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வந்தேன். பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி மர வாங்கில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொழுது மட்டும் எனக்கு இன்னும் விடியவில்லை.

அதற்குப் பிறகு கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தேன். யார் எதை எழுதச் சொன்னாலும், “இது யாருடைய தலையில் விழும்?” என்று முதலில் கேட்பேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன்.

நீங்கள் கடைசிவரை என்னோடு தேநீர் குடித்தீர்கள். ஒரு நாளும் அந்த வசனத்தைச் சொல்லிக்காட்டவில்லை. ஒரு முறையாவது என்னை வைதிருக்கலாம்.