மூன்றாம் அறையில் ஒருவர்

அன்புள்ள பாப்பு,

ஆளில்லாத உன் அறையில் யாருக்காக விளக்கு எரிகிறது என்று நீ கேட்டால், அப்பாவைக் கேள் என்பேன். மற்றபடி நானும் அப்பாவும் சுகம்தான், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன்.

நம் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் ஒரு கருவி வைத்துவிட்டார்கள். அறைக்கு ஒரு சின்னக் கண், பத்து நிமிடம் அசைவில்லை என்றால் அந்த அறையின் விளக்கும் மின்விசிறியும் தானாக அணைந்துவிடும், எந்த அறையில் எத்தனை பேர் என்று வெளி நடையில் உள்ள பலகை காட்டும். கூட்டத்தில் இதற்காக வாதாடியவளும் விதிகளை எழுதியவளும் நான்தான். அப்பா மட்டும் எழுந்து, என் வீட்டுல எந்த விளக்கு எரியணும்னு ஒரு பெட்டி சொல்லணுமா என்று கேட்டார், வீணாக்குறதுக்குப் பேர் சுதந்திரம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

நீ வெளியூர் போனதிலிருந்து, முன்பு நீ வேலை விட்டு வரும் நேரத்துக்கு அவர் உன் அறையில் விளக்கைப் போட்டுவைப்பார். கருவி வந்த பிறகும் போட்டார், அதுவே அணைச்சிடும், உனக்கென்ன போச்சு என்றார். அது அணையவில்லை. பலகையில் உன் அறைக்கு 'மூன்றாம் அறை: ஒருவர்' என்றே நிற்கிறது. திரைச்சீலை ஆடுகிறதோ என்று கழற்றினேன், சன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன், கூடத்துக் கண்ணை அங்கும் அந்த அறைக் கண்ணை இங்கும் மாற்றிப் பார்த்தேன். அப்போதும் ஒருவர்தான். ஆனால் கூடத்தில் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் இருட்டாக்கிவிடுகிறது, கையை ஆட்டி நான் இருப்பதைக் காட்ட வேண்டியிருக்கிறது. பொண்ணாவது வீட்ல இருக்கா, உன்னைத்தான் காணோம் என்று அப்பாவுக்குச் சிரிப்பு.

யாரும் தங்காத அறைக்கு மின்சாரத்தை அடியோடு துண்டிக்க வேண்டும் என்பதும் என் விதிதான். நாளை எலக்ட்ரீசியன் வருகிறார். அப்பா சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபம், உன் இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு உன் மேசையைத் துடைக்கப் போய்விட்டார்.

குறையில்லாமல் இரு. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேச மறக்காதே. வெளியே கிளம்பும்போது அடுப்பை ஒருமுறைக்கு இருமுறை பார்.

அன்புடன்,
அம்மா

உறையை ஒட்டவில்லை, அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பதினொரு மணிக்கு, அப்பா கடைக்குப் போயிருந்தபோது எலக்ட்ரீசியன் வந்தார், வெளி நடையில் பலகை முன் நின்றுகொண்டே, அந்த ரூமுக்குள்ள யாரும் இல்லையே அக்கா, நீங்க வாயால சொன்னாத்தான் துண்டிக்கலாம்னு விதியில போட்டிருக்கு என்றார். அதுவும் நான் எழுதிய வரி. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தலைக்கு மேல் மின்விசிறி நின்றுவிட்டது. பலகையைப் பார்த்து அவர் படித்தார்: கூடம் யாருமில்லை, மூன்றாம் அறை ஒருவர். நான் கையை ஆட்டவில்லை. அங்க ஆள் இருக்காங்க என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.