சக்கரச் சூறாவளி பார்த்த நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

மழை. வேலைக்குக் கிளம்பிய அண்ணன் வாசலில் நின்று கையை ஆட்டினான். "அதை எடு... அதான்... மழைக்குப் பிடிப்போமே, அது."

"குடையா?" என்றாள் அம்மா. சிரித்தாள். அவனும் சிரித்தான். படி இறங்கும்வரை "குடை, குடை" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

போன மாதம் 'ஸ்க்ரூ' என்ற சொல் வாயில் வரவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஸ்க்ரூ வரவில்லை. நானும் சிரித்துவிட்டுத்தான் பல்கலைக்கழகம் போனேன்.

இன்று சிரிப்பு வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஸ்கேன். மூளையின் இடது பக்கம் ஒரு கட்டி. பேச்சுக்குப் பக்கத்து வீடாம். "நடுவுல ஒரே சுவர். அதுதான் சிக்கல்" என்றார் சர்ஜன், எங்களைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து. அண்ணன் விழித்திருக்கும்போதே அறுவைச் சிகிச்சை. அவன் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தைத் தொடமாட்டார்கள்.

"வலிக்குமா டாக்டர்?"

"மூளைக்கு வலி தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

சர்ஜன் முதல்முறையாக அவனைத் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 8, ஞாயிறு

உயிருக்கு ஆபத்தில்லை என்று அம்மா எல்லோரிடமும் போனில் சொல்கிறாள். உண்மைதான். ஆனால் பேச்சு இல்லாமல் அவன் யார்?

லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணிடம் கதவுக்கு வெளியே நின்று அவன் பேசியதைக் கேட்டிருக்கிறேன். "பாப்பா, உள்ள என்ன கலர் லைட்டு எரியுது? பச்சையா? போச்சு போ. லிஃப்டுக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு, விடமாட்டேங்குது." அழுகை நின்றது. அதற்கப்புறம்தான் கருவிப் பெட்டியைத் திறந்தான். எப்போதும் அந்த வரிசைதான்.

மார்ச் 9, திங்கள்

மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்த்தோம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஒரு காலில் நீல சாக்ஸ், மறு காலில் சாம்பல். அறுவை முழுக்க அவள் அண்ணனின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பாளாம்.

"படம் காட்டிப் பேர் கேட்பேன். அது சீக்கிரம் போரடிச்சிடும். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதாவது சொல்லுங்க சார், அதைப் பத்திப் பேசுவோம்."

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "சக்கரச் சூறாவளி."

மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

மார்ச் 10, செவ்வாய்

அந்தப் படத்தை எப்படி விளக்குவது? ஸ்கேட்போர்டு படம். எங்கோ எடுத்து, யாரோ அவசரத்தில் தமிழ்ப்படுத்தியது. கதாநாயகன் பள்ளி மாணவன். முகத்தைப் பார்த்தால் அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும். கதாநாயகிக்கும் அவள் அம்மாவுக்கும் ஒரே குரல், அவளே கேட்டு அவளே பதில் சொல்கிறாள். வில்லன் தரையைத் தொடும் கோட்டோடு ஸ்கேட்போர்டு ஓட்டுவான். சாகசக் காட்சி வந்ததும் கதாநாயகனுக்குத் திடீரென்று தோள் அகலமாகி, விக்கு முளைக்கும். இடது முட்டியில் அடிபடும். அடுத்த காட்சியில் வலது முட்டியில் கட்டு. "கட்டு மாறிடுச்சு!" என்று இருவரும் கத்துவோம். வருடக்கணக்காக, ஒவ்வொரு முறையும்.

பாலத்திலிருந்து ஒருவன் விழுவான். பொம்மை. பாதி வழியில் அதன் கை மட்டும் தனியாகப் பிரிந்து போகும்.

மோசமான கலை ஏன் இனிக்கிறது என்று வகுப்பில் ஒரு கட்டுரை வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அதில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்: அந்தப் படத்தில் ஒருவருக்கும் வெட்கம் இல்லை. ஓட்டை ஒளிப்பதிவில், ஒட்டாத விக்கில், உயிரைக் கொடுத்து நடிக்கிறார்கள். நான் எதையும் அப்படிச் செய்ததில்லை.

இன்னொன்று. அங்கே விழுவதெல்லாம் பொம்மை. அதனால்தான் சிரிக்க முடிகிறது.

மார்ச் 12, வியாழன்

பயிற்சி. வசனம் ஒன்றுவிடாமல். நான் வில்லன், அவன் கதாநாயகன்.

"இந்த மைதானம் இனி என் கார் நிறுத்துமிடம்! உன் ஆட்டம் முடிந்தது!"

"பூமியே உருளுது! என்னை மட்டும் நிறுத்திவிடுவாயா?"

ஒரு சொல் தடுக்கவில்லை. ஒன்றுகூட. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "இதே மாதிரி அங்கயும் சொல்லிடு கண்ணா, போதும்." தேர்வுக்குப் படிப்பது போல மூவரும் அதை நம்பிவிட்டோம்.

மார்ச் 13, வெள்ளி

பயிற்சியாளர் முன் ஒப்பித்துக் காட்டினோம். பெருமையாகத்தான். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நல்லா இருக்கு. ஆனா இது எனக்கு உதவாது சார்."

"ஏன் மேடம்?"

"பேச்சே போனவங்ககூடப் பாட்டுப் பாடுவாங்க. ஒண்ணு, ரெண்டு எண்ணுவாங்க. கெட்ட வார்த்தை சுத்தமா வரும். மனப்பாடம் வேற, பேச்சு வேற. எனக்கு வசனம் வேண்டாம். சத்தத்தை நிறுத்திட்டுப் படத்தை ஓடவிடுறேன். நீங்க கிண்டல் பண்ணுங்க. ஏற்கெனவே பண்ணின கிண்டல் இல்ல, புதுசா."

"எல்லாத்தையும் கிண்டல் பண்ணி முடிச்சாச்சே மேடம்" என்றான் அண்ணன்.

வெளியே வந்தோம். பேருந்தில் என் தோளில் இடித்துச் சொன்னான்: "என்ன ப்ரொபசரம்மா, சிலபஸ் மாத்திட்டாங்க."

வசனம் இருக்கும், அவன் இருக்கமாட்டான் – அப்படி ஒன்று நடக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

மார்ச் 15, ஞாயிறு

வார்டு. மொட்டைத் தலை. காதுகள் பெரிதாகத் தெரிகின்றன.

"ஒருவேளை பேச்சு வரலைன்னா, லிஃப்ட்ல மாட்டினவங்களுக்கு நீ வந்து உன் கட்டுரையை வாசி. பயத்துல அவங்களே கதவை உடைச்சுட்டு வந்துடுவாங்க."

"போடா."

அண்ணனை 'டா' போட்டதற்கு அம்மா திட்டவில்லை. அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன்.

மார்ச் 16, திங்கள்

காத்திருக்கும் அறை. ஆரஞ்சு நிற நாற்காலிகள், தரையோடு திருகப்பட்டவை. அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே இப்போது எந்தக் காட்சி ஓடும்? பாலமா? பொம்மையின் கை பிரிகிற இடமா? அதை அவனுக்குக் காட்டிவிடாதீர்கள் – யாரிடம் சொல்வது?

பிற்பகலில் பயிற்சியாளர் வெளியே வந்தாள். முகமூடியின் தடம் கன்னத்தில். "நல்லாப் பேசினார். 'ஆள் இறங்கிட்டான், விக்கு இன்னும் மேலேயே இருக்கு' அப்படின்னார். யாரும் சிரிக்காதீங்க, என் கை ஆடுதுன்னு சர்ஜன் சத்தம் போட்டார்." அப்புறம் மெல்ல: "கடைசியில கொஞ்சம் தடுமாறிச்சு. அங்கேயே நிறுத்திட்டோம். வீக்கம் வரும். சில நாள் பேச்சு இல்லாம இருக்கலாம். பயப்படாதீங்க."

பயப்படாதீங்க. எவ்வளவு சுலபமான வாக்கியம்.

மார்ச் 17, செவ்வாய்

பேச்சு இல்லை. என்னைப் பார்க்கிறான். வாய் திறக்கிறது.

மார்ச் 18, புதன்

இல்லை.

மார்ச் 20, வெள்ளி

அம்மா வராந்தாவில் ஓடிவந்தாள். செருப்பு ஒன்றுதான் இருந்தது காலில். "பேசிட்டான்டி! பேசிட்டான்!"

ஓடினேன். படுக்கையில் சாய்ந்து, மேற்கூரையைப் பார்த்து, மடமடவென்று சொல்லிக்கொண்டிருந்தான்: "பூமியே உருளுது! என்னை மட்டும் நிறுத்திவிடுவாயா?" அடுத்தது. அதற்கடுத்தது. குரல் ஏற்ற இறக்கத்தோடு, பிழையில்லாமல். அம்மா சித்திக்குப் போன் போட்டு அவன் வாயருகே பிடித்தாள்.

நான் டம்ளரைக் காட்டினேன். "இது என்ன?"

பார்த்தான். நெற்றி சுருங்கியது. "சக்கரம் உள்ளவரை சரித்திரம் உண்டு."

அவனுக்குத் தெரிந்தது. தான் சொன்னது அதுவல்ல என்று. கண் நிறைந்துவிட்டது. அம்மா மகிழ்ச்சியில் அழுகிறான் என்று நினைத்தாள். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அவள் இன்னும் சித்தியோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

வீடு. "ஆமா", "வேணாம்", "அம்மா", "அது". அவ்வளவுதான். சொல்லை எடுத்துக் கொடுக்காதே, காத்திரு என்பது பயிற்சியாளரின் கட்டளை. காத்திருக்கிறேன். நாக்கைக் கடித்துக்கொண்டு.

லிஃப்ட் கம்பெனியிலிருந்து மேஸ்திரி வந்திருந்தார். ஊர்க்கதையெல்லாம் பேசினார். அண்ணன் தலையாட்டினான். போகும்போது வாசலில் என்னிடம், "ஒண்ணும் அவசரமில்லம்மா" என்றார். அவசரமில்லை என்றால் என்ன அர்த்தம்?

ஏப்ரல் 4, சனி

படத்தைப் போட்டேன். பாதியில் நிறுத்தினேன். கட்டு மாறும் இடத்துக்கு முன்பே. அவன் கத்தாமல் இருந்துவிட்டால்?

அவன் என்னைப் பார்த்தான்.

ஏப்ரல் 11, சனி

இன்று அவனே மடிக்கணினியை எடுத்து வந்து வைத்தான். சத்தத்தை நிறுத்தினான். பக்கத்தில் தட்டிக் காட்டினான்: உட்கார்.

முட்டி வந்தது. கட்டு மாறியது. "மாறிடுச்சு" என்றான் மெதுவாக. நான் நம்பவில்லை. அதுவும் பழைய மனப்பாடம்தானே. பொம்மை விழுந்தது, கை பிரிந்தது. அவன் சும்மா இருந்தான். நான் திரையைப் பார்க்காமல் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பந்தயம். சரிவான சாலை, இரண்டு பக்கமும் கூட்டம், கோட்டு பறக்க வில்லன். அண்ணனின் விரல் திரையின் ஓரத்துக்குப் போனது.

"அந்த... ஆளு. பின்னாடி." நிறுத்தினான். மூச்சு விட்டான். "இவ்வளவு... வெயில்ல. மழைக்குப் பிடிக்கிறதை... பிடிச்சிட்டு நிக்கிறான். லூசு."

சொல் என் வாய்வரை வந்தது. கொடுக்கவில்லை.

"அவன்..." என்றான் மறுபடி. சிரிப்பில் தோள் குலுங்க ஆரம்பித்தது. "அவன் மட்டும்தான்... வேற படத்துல இருக்கான்."

பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஆமாம். கூட்டத்தின் கடைசியில், சுள்ளென்ற வெயிலில், ஒருவன் குடை பிடித்து நிற்கிறான். இத்தனை வருடங்களாக அங்கேயே நின்றிருக்கிறான். நாங்கள் பார்த்ததே இல்லை.