நீ அனுப்பிய டெனர் பாட்டுகள்

சித்திரபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் ஷிஜுவுக்கு,

சேசு மரி சூசை துணையோடு அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாமல் ஏன் கடுதாசி என்று நினைப்பாய். போன் எப்போதும் அப்பாவின் தலையணைக்கடியில்தான். குரல்தான் போனதே தவிர, காது பாம்புக் காது. அதனால் லீவு முடிந்து நீ இருக்கும் தோஹாவுக்கே திரும்பும் ஜின்சன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன தடவை கோட்டயம் போனபோது டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். தொண்டையில் வெட்டி எடுத்தது நெஞ்சுக்கு இறங்கிவிட்டது, இனி இங்கே கொண்டுவர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன். பக்கத்து வீட்டு ராமலட்சுமியிடம் மட்டும் சொல்லி அழுதேன். அவளிடம் சொன்னால் ஊருக்கே மைக் வைத்த மாதிரிதான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். யாரிடமாவது அழ வேண்டியிருந்தது.

நீ அனுப்பும் பாட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர் கேட்பார் என்று முதலில் ஒன்று அனுப்பினாயே, அமெரிக்காவில் யாரோ ஒரு கறுப்பு மனிதர் எந்தக் காலத்திலோ ஊதியது, கடுகு பொரிவதுபோல் இரைச்சலோடு. அப்பா அதைப் பாதியில் நிறுத்தி, என் கையைப் பிடித்து, இது நம்ம டெனர்தாண்டி என்று உதட்டை அசைத்தார். நான் நம்பவில்லை. நம் கோவில் பேண்டில் கிளாரினெட் முன்னால் போக, அதன் அடியில் ஒட்டிக்கொண்டு போவதுதானே அவருடைய டெனர் சாக்ஸபோன். அதைத் தனியாக வைத்துக்கொண்டு ஒருவன் இவ்வளவு பேசுவான் என்று அவருக்கே தெரியாதே.

நீ அனுப்ப அனுப்ப, கஞ்சி ஆறிப்போவதுகூட அவருக்குத் தெரியாது. இது ஜாஸ், இது ப்ளூஸ் என்று எனக்கு வேறு பாடம். ஒருவர் தடித்த குரலில் கெஞ்சுகிறார், ஒருவர் கடையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுகிறார், ஒருவர் சண்டைக்கே வருகிறார். எல்லாம் அதே குழல்தானாம். இயர்போனை என் காதில் மாட்டி, யார் ஊதுவது என்று என்னைக் கண்டுபிடிக்கச் சொல்வார், தப்பாகச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் தன் சாக்ஸபோனைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்செல்லாம் கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான், வாய்க்கு வருவதே இல்லை, எதை ஊதுவது? விரல்களை மட்டும் அதன்மேல் ஓட்டினார். இதுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா, தெரியாமப் போச்சே என்று உதடு அசைந்தது. அன்று அவர் அழுத அழுகைக்குச் சத்தம்கூட இல்லை. இதையெல்லாம் ஏன் அனுப்பினாய் என்று உன்மேல்தான் கோபம் வந்தது எனக்கு.

போன சனிக்கிழமை இயர்போன் கெட்டுப்போய், ஜின்சன் கொடுத்த சின்ன ஸ்பீக்கரில் மெதுவான பாட்டு ஒன்றைச் சத்தமாக வைத்துவிட்டார். நான் குழாயடியில் இருந்தேன். நம் தேயிலை எஸ்டேட் லயத்து வீடுகளில் டெனர் மெதுவாகக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். திருவிழாவில் அது டிரம்பெட்டில் அமுங்கிவிடும், சாவு வீட்டில்தான் காதில் விழும். பேண்ட் வந்துவிட்டது என்று நினைத்து ராமலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். பின்னாலேயே கடைசி வீட்டு ஆனந்தி, கொழுந்துப் பையைக்கூட இறக்காமல். வாசற்படியிலேயே ஒப்பாரி. உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்!

நானாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பேன். அப்பா கோபப்படவில்லை. என்ன ஆச்சு என்று ஒருத்திகூடக் கேட்காமல், காத்திருந்தவர்களைப்போல நேரே அழுதுகொண்டு வந்தார்களே, அதைத்தான் பார்த்தார். பிறகு குடத்தோடு ஓடிவந்த என்னைப் பார்த்தார். ஊருக்கெல்லாம் சொன்னாய், எனக்கு மட்டும் சொல்லவில்லையா என்று கேட்கிற பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, பாட்டை முதலிலிருந்து வைத்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்ட ராமலட்சுமி, ஏக்கா, இது யாரு செத்ததுக்கு வாசிக்காக என்று என் காதில் கேட்டாள். யாரும் சாகலை, சும்மா இரு என்றேன்.

அன்றிலிருந்து அவர் ஒரு பாட்டும் வைப்பதில்லை. நீ புதிதாக அனுப்பியதைத் திறக்கக்கூட இல்லை. போனை எடுத்து உன் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்.

கம்பெனியில் உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஜின்சன் சொன்னான். வா என்று நான் எழுதவில்லை. பேச முடியாத மனிதரோடு என்ன பேசுவது என்று தெரியாமல்தான் பாட்டு அனுப்புகிறாய், அது அம்மாவுக்குப் புரியாதா? இனி அனுப்ப வேண்டாம் ராசா. போன் போட்டு, அப்பா என்று ஒரு தடவை கூப்பிடு. இந்தப் பக்கம் பேச்சு வராது. உடனே வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிரு. கழுத்து ஓட்டையிலிருந்து கரகரவென்று காற்று வருவது கேட்கும். அது அப்பாதான்.

இது உன் கைக்கு வருமுன் வேறு சேதி முந்திக்கொண்டால், இதைக் கிழித்துப் போட்டுவிடு. உன்மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மாதா உன்னைத் தனியாக விடமாட்டாள்.

உன் அம்மா,
புஷ்பமேரி