அம்மா ஆடப் போகிற கவுன்

ஜனவரி 9

என் தங்கக்கட்டிக்கு,

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்றதும் போனை வைத்துவிட்டாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன். அவரும் துணையை இழந்தவர்தான். அப்பா போன பிறகு வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அவர் வந்த பிறகுதான்.

கல்யாணத்துக்குக் கவுன் வாங்கிவிட்டேன். கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது, நடந்தால் காலைத் தடுக்குகிறது. எனக்கு அன்றைக்கு ஆட வேண்டும். நாடகக் கம்பெனியில் ஆடுகிறவர்களுக்கெல்லாம் தைக்கிறாயே, என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதேன். வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

ஜனவரி 17

அம்மா,

தையலைப் பிரித்து அக்குளில் ஒரு துண்டு வைக்க வேண்டும். பக்கத்துத் தையல் கடையிலேயே செய்வார்கள்.

அப்பாவோடு நீ ஒருநாளும் ஆடி நான் பார்த்ததில்லை. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் உட்கார்ந்தே இருக்கிறாய். யாரோ ஒருவருக்காக இப்போது கால் முளைத்துவிட்டதா? நான் வரவில்லை.

உன் மகள்

ஜனவரி 25

கண்ணு,

ஆல்பத்தில் நான் போட்டிருக்கிற கவுன் உன் அத்தையுடையது. ஏகப்பட்ட கனம். இடுப்பைச் சுற்றி ஊசி குத்தித்தான் நிற்க வைத்தார்கள். அப்பா குனிந்து, "ஒரு சுத்து ஆடலாமா?" என்றார். "எழுந்தா கிழிஞ்சிடும், பேசாம உக்காருங்க" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வேலை, வீடு, நீ. ஆட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

இனி அப்பாவோடு ஆட முடியாது. அதற்காக இன்னொரு தடவையும் உட்கார்ந்தே இருக்க எனக்கு மனசில்லை. இப்போது வாங்கிய கவுனை உனக்கே அனுப்புகிறேன். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு, வருத்தப்பட மாட்டேன். பொய்தான். வருத்தப்படுவேன்.

அம்மா

பிப்ரவரி 12

அன்புள்ள அம்மா,

உன் பார்சல் தையல் மேசைக்கடியில் பல நாள் கிடந்தது. நேற்று எல்லோரும் சாப்பிடப் போனதும் பிரித்தேன். எங்கே பிடிக்கிறதென்று பார்க்க நானே போட்டுக்கொண்டேன். ஒரு சுற்றுச் சுற்றியதில் துணி அலமாரி மேலேயே விழப் பார்த்தேன். இதில் ஆளை நிற்கத்தான் வைக்கலாம்!

அக்குளில் துண்டு வைத்தேன். கணுக்கால் தெரிய விளிம்பை ஏற்றினேன். இடுப்பைத் தளர்த்தினேன். மறுபடி போட்டுக்கொண்டு அறை முழுக்க ஆடினேன் அம்மா, எங்கேயும் இடிக்கவில்லை. இஸ்திரி போடுகிற அக்கா கதவோரம் நின்று, "யாருக்குடி கல்யாணம்?" என்றார். "எங்கம்மாவுக்கு" என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அழுகை வந்துவிட்டது. "அழுறதானா கழட்டிட்டு அழு, கறை படும்" என்றார் அக்கா. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பார்சலில் போட்டால் கசங்கிவிடும். வெள்ளிக்கிழமை ரயிலில் நானே கொண்டு வருகிறேன். அவரை எப்படிக் கூப்பிடுவதென்று இன்னும் தெரியவில்லை, இப்போதைக்கு 'சார்' என்றுதான் வாயில் வருகிறது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

ஸ்டேஷனுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வா.

உன் தங்கக்கட்டி