யாரோ போட்ட தபால்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் வலது முழங்கால் எப்படி இருக்கிறது? மழுப்பாமல் எழுதுங்கள்.

இங்கே ஒரு கூத்து. எக்சோசோம் என்றால் என்னவென்று கேட்டீர்களே, அது செல்கள் வெளியே அனுப்பும் குட்டித் தபால்பை. உள்ளே இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.தான் கடிதம். அது போய்ச் சேர்ந்தால் தேய்ந்த மூட்டின் குருத்தெலும்புச் செல்கள் மறுபடி வளருமா என்று எட்டு மாதமாகப் பார்க்கிறேன். வளரவும் செய்தன. போன வாரம்தான், பை எதுவும் போடாத செல் தட்டுக்கும், செல்கள் வளர ஊற்றும் அதே தீனியை ஊற்றிப் பார்த்தேன். அதுவும் ஜோராக வளர்ந்து நிற்கிறது! தீனியில் கலக்கும் சீரத்திலேயே, அதாவது கன்றுக்குட்டி ரத்தத்தின் தெளிநீரிலேயே, அந்த மாதிரிப் பைகள் இருந்திருக்கின்றன. நான் சரியாக வடிகட்டவில்லை. முப்பது வருஷம் தபால் பட்டுவாடா செய்த உங்களுக்குச் சிரிப்பு வரும். யாரோ போட்ட கடிதத்துக்கு நான் பேர் வாங்கியிருக்கிறேன். எல்லாத் தட்டையும் கொட்டிக் கழுவியதில் இடுப்பு ஒடிந்துவிட்டது. "முதல்லேருந்து ஆரம்பிம்மா" என்றார் பேராசிரியர்.

"எம் பொண்ணு மருந்து கண்டுபிடிக்கிறா, அதுவரைக்கும் கத்தி வேணாம்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களாம். அக்கா சொன்னாள். அப்பா, எனக்காகக் காத்திருக்காதீர்கள். அவர் சொன்ன தேதியிலேயே ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு வர எனக்கு லீவு கிடைக்காது.

பாதி நாள் குளிர் அறையிலேயே போகிறது, என் நீல ஸ்வெட்டரை அனுப்புங்கள். பார்சலில் விலாசத்தை அக்கா எழுத வேண்டாம், உங்கள் கையெழுத்தில் நீங்களே எழுதுங்கள்.

மிஷின் கூப்பிடுகிறது, ஓடுகிறேன். இடது முழங்காலையாவது அதிகம் தேயாமல் வைத்திருங்கள். அதற்காவது மருந்தோடு வந்து சேரப் பார்க்கிறேன்.

உங்கள் சின்னவள்