கவுனின் கீழ் மடிப்பு

அக்கா,

சாலோமிக்குப் பால் கொடுத்து, குளிப்பாட்டித் தூங்க வைத்துவிட்டேன். உனக்கு இட்லி மூடி வைத்திருக்கிறேன்.

அந்த ஞானஸ்நான கவுனை இனித் தொடாதே. கெசியா தன் கல்யாணச் சேலையில் தைத்தது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடத்தான் கீழே ஒரு சாண் துணியை உள்ளே மடித்து வைத்தாள். நீ அதை வெட்டிவிட்டு, “ஏலே, ஒருநாள் போடுத கவுனுக்கு எதுக்கு இவ்வளவு துணி?” என்று என்னையே கேட்கிறாய். யாரைக் கேட்டு வெட்டினாய்?

வெட்டிய துண்டை எடுத்து வை. சாயங்காலம் நானே ஒட்டுப்போட்டுத் தைக்கிறேன். கோணலாக வரும். வரட்டும்.

மெர்வின்

பி.கு.: ஆஸ்பத்திரியில் கெசியா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். பெரிதாக ஒன்றுமில்லை. “தரையில வச்ச தையல் மெஷின்ல ஊசி அப்படியே இருக்கு, கழத்தி வச்சிருங்க. பிள்ளை தவழ ஆரம்பிச்சா கைய வச்சிரும்.”